மக்ரூன் 525 ரூபாய்... பேங்க்ல வந்தது 404! ஆன்லைன் கடையை அக்கவுன்ட்ஸோடு இணைப்பது எப்படி?

தூத்துக்குடி மக்ரூனை ஆன்லைனில் விற்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு... மூணே பொருள். செய்முறை தெரிஞ்சா போதும், செஞ்சுடலாம். ஆனா, மாசக் கடைசியில கணக்கு எழுத உட்கார்ந்தா தலை சுத்தும். ஆர்டர் லிஸ்ட் ஒரு தொகை சொல்லும், பேங்க் வேற தொகை சொல்லும். நடுவுல காணாமப்போன பணம் எங்கே?

பணம் எங்கே போகுது?

ஒரு டப்பா 525 ரூபாய். விலை 500, ஜிஎஸ்டி 25. (2025 செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட் வகைகளுக்கு வரி 18 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது.) உதாரணத்துக்கு, விற்பனைத் தளம் கமிஷன் 60, டெலிவரி 40 பிடிக்கிறதுன்னு வைப்போம். அந்த 100 ரூபாய் சேவைக்கு 18% ஜிஎஸ்டி, அதாவது 18 ரூபாய். அடுத்து 0.5% டிசிஎஸ், 2.50 ரூபாய். வருமான வரிக்காக 0.1% டிடிஎஸ், 50 காசு. மொத்தப் பிடித்தம் 121. உங்க கணக்குக்கு வருவது 404. ஆமா, 'நாட் ஃபவுண்ட்' நம்பரேதான்!

(தனிநபராக விற்று, வருட விற்பனை 5 லட்சத்துக்குள் இருந்து, பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால் டிடிஎஸ் பிடிக்க மாட்டாங்க.)

பலரும் செய்யும் தப்பு

404-ஐயே 'விற்பனை'ன்னு எழுதிடுறது. இதில் ரெண்டு நஷ்டம். முதலாவது, 121-ல் 100 தான் உண்மையான செலவு. 18 ரூபாயை இன்புட் டேக்ஸ் கிரெடிட்டாக எடுக்கலாம். 2.50 ரூபாயை ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றுக்கொண்டால் உங்க எலெக்ட்ரானிக் கேஷ் லெட்ஜருக்கு வரும். 50 காசை வருமான வரிக் கணக்கில் கழிச்சுக்கலாம். எழுதாம விட்டா டப்பாவுக்கு 21 ரூபாய் போச்சு. மாசம் 200 டப்பான்னா, 4,200 ரூபாய்!

இரண்டாவது, தளம் உங்க விற்பனையை ஜிஎஸ்டிஆர்-8 படிவத்தில் மாசாமாசம் அரசுக்குச் சொல்லிடும். நீங்க காட்டும் தொகை குறைஞ்சா, விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரலாம்.

இணைக்க இரண்டு வழிகள்

ஷாப்பிஃபை போன்றவற்றில் சொந்தக் கடை வெச்சிருந்தா, ஸோஹோ போன்ற நிறுவனங்களின் மென்பொருளோடு நேரடியாக இணைக்கும் வசதி இருக்கு. ஆர்டர் விழுந்ததும் பில் தானாகப் பதிவாகும். சொந்தக் கடையில் டிசிஎஸ் கிடையாது, பேமென்ட் கேட்வே கட்டணம்தான்.

பெரிய விற்பனைத் தளம்னா, அங்கே 'செட்டில்மென்ட் ரிப்போர்ட்'டை டவுன்லோடு செய்து இம்போர்ட் செய்யலாம். டேலி பிரைமில் எக்ஸெல் ஃபைலை நேரடியாக ஏற்றலாம்.

ஆரம்பிக்கும் முன்...

* தளத்தின் பெயரில் தனி லெட்ஜர் திறங்க. 525 விற்பனை அதில் பற்று. பிடித்தங்கள் 121, பேங்க்குக்கு வந்த 404 இரண்டும் வரவு. பணம் வந்ததும் பாக்கி பூஜ்யமாகணும். ஆகலைன்னா, ஏதோ விடுபட்டிருக்கு.
* கமிஷன், டெலிவரி, டிசிஎஸ், டிடிஎஸ் ஒவ்வொன்றுக்கும் தனி லெட்ஜர் வேணும்.
* கடையிலும் சாஃப்ட்வேரிலும் பொருளின் கோடு ஒன்றாக இருக்கணும். 'மக்ரூன் 250 கிராம்' ஓரிடத்தில், 'மக்ரூன் கால் கிலோ' இன்னோரிடத்தில்னா ஸ்டாக் குழம்பிடும்.
* ஆர்டர் எண்ணைப் பில்லில் பதிவு பண்ணுங்க. ஒரே ஃபைலை இரண்டு தடவை ஏத்தினாலும் உடனே தெரிஞ்சுடும்.
* மக்ரூன் சீக்கிரம் உடையும். ரிட்டர்ன் வந்தா விற்பனையை அழிக்காதீங்க, கிரெடிட் நோட் போடுங்க.
* முதலில் ஒரு வாரக் கணக்கை மட்டும் ஏத்திப் பாருங்க. சரியா வந்தா, மொத்தத்தையும் ஏத்தலாம்.

வெளிமாநிலத்துக்கு ஆன்லைன் தளம் வழியாக அனுப்பினால், விற்பனை எவ்வளவு குறைவா இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதனால ஆடிட்டர்கிட்ட லெட்ஜர் அமைப்பை ஒருமுறை காட்டிடுங்க.

எல்லாம் இணைஞ்ச பிறகுதான் நிஜம் தெரியும். அந்த 525-ல் உங்களுக்கு நிற்பது 400. முந்திரி விலையும், டப்பா விலையும், உங்க உழைப்பும் அதுக்குள்ளதான் அடங்கணும். அடங்கலைன்னா, அடுத்த ஆஃபர் போடும் முன் விலையை மாத்துங்க!