ஈயம் எந்தச் சத்தத்தில் பேசும்?

போன வாரம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "அடி அண்ணாமலையில எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கு. மெட்டல் டிடெக்டர் வாங்கலாம்னு இருக்கேன். எந்தச் சத்தம் வந்தா தோண்டணும்?"

ஆசை புரியுது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அது செங்கம் சாலையை விட்டுத் திரும்பினதும் வர்ற ஊர் அடி அண்ணாமலை. காலங்காலமா ஜனங்க நடந்த வழி. யாராவது காசைத் தவறவிட்டிருக்க மாட்டாங்களா?

முதல்ல சத்தத்தைப் பார்ப்போம். கருவியின் சுருள் மண்ணுக்குள்ள மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை அனுப்பும். அது பட்ட உலோகத்தில் சின்னதா மின்னோட்டம் சுழலும். அதைத்தான் கருவி சத்தமா மாற்றுது. பொதுவா, இரும்புக்குத் தாழ்ந்த உறுமல். வெள்ளிக்கும் செம்புக்கும் கணீர்னு உயர்ந்த ஒலி.

இந்த ஒலி ஏமாற்றும் என்பது பழைய கதை. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்பில் இருந்த குண்டைத் தேட, டெலிபோன் புகழ் கிரஹாம் பெல் இப்படி ஒரு கருவியோட வந்தார். காதுல சத்தம் கேட்டுச்சு, ஆனா குண்டு கிடைக்கல. மெத்தைக்குள்ள இருந்த இரும்புக் கம்பிகளும் குழப்பின. கார்ஃபீல்டு அந்த செப்டம்பரில் இறந்துபோனார்.

நானும் நண்பரோட கருவியை மர பெஞ்சுல வைத்துச் சோதித்தேன். ஆறாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய் கணீர்னு பாடிச்சு. துருப்பிடித்த ஆணி உறுமிச்சு. தூண்டிலில் கட்டுற ஈயக்குண்டு? கூல்டிரிங்ஸ் டின்னின் மூடி வளையம் கொடுத்த அதே நடுத்தர ஒலி. தேடுறவங்க 'குப்பை'ன்னு தாண்டிப் போகிற ஒலி அது.

இங்கதான் விஷயமே இருக்கு. இதே மாவட்டத்தில், செங்கம் பக்கத்து ஆண்டிப்பட்டியில், சங்ககாலக் காசுகள் கிடைத்தன. தங்கம் இல்லை, வெள்ளியும் இல்லை, ஈயம். மேலே தமிழ் பிராமி எழுத்தில் சேந்தன் என்ற பெயர். இந்த வட்டாரத்தில் ஒரு தலைவன் தன் பெயரில் காசு அடித்தான் என்பதற்கு அந்த ஈயமே சாட்சி. உருக்கி விற்றால் ஒண்ணும் தேறாது. படித்தால் ஒரு ஆட்சி.

அப்போ எல்லா ஒலிக்கும் தோண்டிடலாமா? கூடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கு. மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கணும். சொந்த நிலம்னாலும் அதேதான். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவதே குற்றம்.

அந்தச் சட்டம் கேட்கும் விவரங்களைப் பாருங்க: என்ன பொருள், எவ்வளவு, எங்கே, எந்தத் தேதி. அந்த 'எங்கே'தான் வரலாறு. எந்த மண்ணடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் காலத்தையே கணிக்கிறாங்க. அவசரத்துல பிடுங்கி எடுத்தா, காசு கைக்கு வரும். அதோட கதை குழியிலேயே போயிடும்.

அதனால, நேயரே, கருவி வாங்குங்க, தப்பில்லை. வீட்டுல தொலைந்த மோதிரத்தைத் தேடுங்க. உங்க நிலத்துல உழும்போது ஏதாவது தட்டுப்பட்டா, கையை எடுத்துட்டு, முதல்ல இடத்தை போட்டோ எடுங்க. அப்புறம் கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு கடிதம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.