இதழோடு மறையும் கதைகள்

பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் தெல்லிப்பழையில் தாபித்த மகாஜனக் கல்லூரியைப் பேசும்போது மஹாகவி, அ. செ. முருகானந்தன், அ. ந. கந்தசாமி என்னும் மூவரையும் சேர்த்து நினைப்பது நம் வழக்கம். மூவரையும் வளர்த்தவை இதழ்களே.

இதழில் வந்த கதைக்கு ஆயுள் எவ்வளவு? அடுத்த இதழ் வரும்வரைதான். பின்னர் தாள் கடைக்குப் போகும், எஞ்சியது கறையானுக்கு. 1968இல் கந்தசாமி மறைந்தபோது அவருடைய சிறுகதைகள் நூலுருப் பெற்றிருக்கவில்லை. முற்போக்கு அணியின் முன்னவருக்கே இக்கதி!

பின்னாளில் வ. ந. கிரிதரன் ரொறன்ரோவிலிருந்து நடத்திய 'பதிவுகள்' இணைய இதழே கந்தசாமியின் எழுத்துகளை மறுபடி வாசகர்முன் வைத்தது. கிரிதரன் அறிவியற் புனைகதைகளும் எழுதியவர். 2018இல் தோன்றிய 'அரூ' கனவுருப்புனைவுக்கே முதலிடம் தந்தது. ஆயினும் இத்தகைய கதைகளை வெறுங்கனவென்று தள்ளிவிடும் விமர்சகர் நம்மிடையே உளர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினோம்.

அது பிழை. புதுமைப்பித்தன் 1943இல் கடவுளைச் சென்னைத் தெருவில் இறக்கினார். கந்தசாமிப் பிள்ளையோ அவரையும் தம் வைத்திய இதழுக்குச் சந்தாதாரராக்கப் பார்க்கிறார். நகரத்து நடுத்தர மனிதனின் முடையை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய யதார்த்தக் கதைகள் சிலவே.

இணையத்திற் கறையான் இல்லை. ஆனால் ஆண்டுக் கட்டணம் நின்றால் இதழ் முழுவதுமே ஓரிரவில் மறையும். ஆகவே இத்தகைய கதை கிடைக்குந்தோறும் நாம் முதலிற் கேட்பது ஒன்றே: இந்த எதிர்கால உலகில் உழைப்பவர் யார், உண்பவர் யார்?