கோபன்ஹேகனின் பல்நோக்கு உள்ளரங்குகள்: வரையறை, பயன்வகை, வளர்ச்சிப்படி

1. பொருள்வரையறை

அரங்கு என்னும் சொல் தமிழில் பழையது. அதற்கு வகுத்த அளவும் பழையது. மாதவி ஆடிய அரங்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையது என்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை கூறுகிறது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு நிறுத்தும் முறையையும் அது சொல்கிறது. அவ்வரங்கின் ஒவ்வோர் அளவும் ஆடல் என்னும் ஒரே பயனைக் கருதி அமைந்தது. இதனை ஒருநோக்கு அரங்கு எனலாம்.

இக்கட்டுரையின் பொருள் இதற்கு மறுதலையானது. கூரையால் மூடப்பட்டு, நடுவே தூணற்ற தளம் கொண்டு, அத்தளத்தைச் சூழப் பார்வையாளர் அமர இடம் பெற்று, எந்த ஒரு பயனுக்கும் நிலையாக ஒப்படைக்கப்படாத கட்டடமே பல்நோக்கு உள்ளரங்கு. இதன் உறுப்புகளுள் தலையாயது அந்த நடுத்தளம். அதனை வெறுந்தளம் என்போம். ஒரு பயனுக்குரிய அமைப்பை அகற்றி மற்றொன்றுக்குரியதை அத்தளத்தில் நிறுவும் செயலைத் தளமாற்றம் என்போம். வெறுந்தளம் இருந்தும் தளமாற்றம் நிகழாத கட்டடம் வெறும் கூடமே. பல்நோக்கு அரங்கு ஆகாது.

இவ்வாய்வுக்கு டென்மார்க்கின் தலைநகரை எடுத்துக்கொள்கிறோம். ஏறத்தாழ 90 ஆண்டு இடைவெளிக்குள் அங்கு எழுந்த மூன்று அரங்குகள் இவ்வகைக் கட்டடத்தின் வளர்ச்சியை மூன்று படிகளாகக் காட்டுவதே காரணம்.

2. பயன்களின் வகைப்பாடு

ஓர் அரங்கின் பயன்கள் அதனிடம் வந்த வழியைக் கொண்டு நான்காகும்.

முதற்பயன்: எதன்பொருட்டுக் கட்டடம் எழுப்பப்பட்டதோ அது.

வருபயன்: கட்டியவர் கருதாமல், இடம் இருப்பது கண்டு பின்னர் வந்து சேர்ந்தது. விளையாட்டுக்கெனக் கட்டிய சென்னை ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கில் திரைப்படப் பாடல் வெளியீட்டு விழா நடப்பது இவ்வகை.

சூழ்பயன்: சூழ்தல் என்பது முன்கூட்டி எண்ணித் துணிதல். வரைபட நிலையிலேயே பலவாக எண்ணி இடம் வைக்கப்பட்ட பயன்கள் இவை.

வன்பயன்: நகரத்தாரின் இசைவின்றி, ஆற்றலுடையோர் சுமத்துவது.

முதல் மூன்றும் அரங்கின் வளத்தைக் காட்டுவன. நான்காவது அதன் இடரைக் காட்டுவது. நான்குக்கும் வெறுந்தளமே இடமாகிறது.

3. வளர்ச்சிப்படிகள்

முதற்படி, ஃபோரம். கோபன்ஹேகன் நகரால் சூழப்பட்டும் தனி நகராட்சியாக விளங்கும் ஃபிரெடரிக்ஸ்பெர்க்கில், கட்டடக் கலைஞர் ஆஸ்கர் குண்ட்லாக்-பெடர்சனின் வடிவமைப்பில் எழுந்த இவ்வரங்கு 1926 பிப்ரவரியில் மோட்டார் கார்க் கண்காட்சியுடன் திறக்கப்பட்டது. கண்காட்சியே அதன் முதற்பயன்.

அதன் ஒளியமைப்பு தனியே நோக்கத்தக்கது. உயர்ந்த பெருங்கூடத்தை மின்விளக்கால் நிரப்பும்போது ஒளி கண்ணைக் கூசச் செய்யும். டேனிய வடிவமைப்பாளர் போல் ஹென்னிங்சன் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று மூடிகள் அமைந்த விளக்கை இவ்வரங்குக்காக உருவாக்கினார். குமிழ் நேரே கண்ணில் படாமல் மறைய, ஒளி மட்டும் மூடிகளில் பட்டுத் தளத்தின்மேல் பரவியது. பிற்காலத்தில் டென்மார்க்கின் இல்லங்களில் தொங்கிய 'பிஎச்' விளக்குகளின் மரபு இதிலிருந்து கிளைத்தது. அரங்கேற்று காதை தூண்நிழலை விலக்கக் கருதியது; ஃபோரம் கண்கூச்சத்தை விலக்கக் கருதியது. காண்பவருக்கும் காட்சிக்கும் இடையே தடை இருத்தலாகாது என்பதே இரண்டுக்கும் பொதுவிதி.

1934-இல் ஆறுநாள் மிதிவண்டிப் பந்தயம் ஃபோரத்தை அடைந்தது. இருவர் இருவராகச் சேர்ந்து மாறி மாறி ஓட்டும் இப்பந்தயத்துக்குச் சரிந்த வளைவுகளுடைய ஓடுபாதை வேண்டும். கார்கள் நின்ற தளத்தில் அப்பாதை அமைந்தபோது வருபயன் வேரூன்றியது.

வன்பயன் போர்க்காலத்தில் நெருங்கியது. ஜெர்மானியப் படை 1940 முதல் நாட்டைப் பிடித்திருந்தது. ஃபோரத்தைத் தன் வீரர்களுக்குப் படைவீடாக்க அது முனைந்தது. 1943 ஆகஸ்டு 24 அன்று பட்டப்பகலில் 'ஹோல்கர் டான்ஸ்கே' என்னும் எதிர்ப்புக் குழுவினர் பீர்ப் பெட்டியில் வெடிமருந்தை உள்ளே கொண்டுசென்று அரங்கைத் தகர்த்தனர். ஐந்து நாள் கழித்து, ஆகஸ்டு 29 அன்று, ஜெர்மானியர் இராணுவச் சட்டம் அறிவிக்க, டேனிய அரசின் ஒத்துழைப்புக் காலம் முடிந்தது. போருக்குப் பின் ஃபோரம் மீண்டும் எழுந்து, பந்தயத்துக்கும் கண்காட்சிக்கும் இசைக்கும் இடமளித்தது.

இரண்டாம் படி, கேபி ஹாலன். 1876-இல் தோன்றிய கோபன்ஹேகன் பந்தாட்டக் கழகம் தன் உறுப்பினர்க்காக, ஹான்ஸ் ஹான்சன் என்னும் கலைஞரைக் கொண்டு 1938-இல் கட்டிய அரங்கு இது. ஃபோரத்தின் முதற்பயன் வணிகம். இதன் முதற்பயன் விளையாட்டு. ஆயினும் ஊரார் நினைவில் இதனை நிறுத்தியது வருபயனாகிய இசையே. பீட்டில்ஸ் குழுவினர் 1964 ஜூன் 4 அன்று இங்கே பாடினர். 2011 செப்டம்பரில் தீ இவ்வரங்கை அழித்தது. 2019-இல் அதே இடத்தில் புதியது திறக்கப்பட்டது. அழிந்தது ஒரு கழகத்தின் ஆடுகூடம் மட்டுமாயின் இவ்வளவு பெரிய மீட்பு தேவைப்பட்டிராது. சேர்ந்த பயன்களே அதனை நகரின் உடைமையாக்கின என்று கொள்கிறோம்.

மூன்றாம் படி, ராயல் அரீனா. நகரின் தெற்கே ஓரெஸ்டாடில், 3எக்ஸ்என் என்னும் கட்டடக் கலை நிறுவனம் வடிவமைத்த இவ்வரங்கு 2017 பிப்ரவரி 3 அன்று மெட்டாலிக்கா குழுவின் கச்சேரியுடன் திறக்கப்பட்டது. விளையாட்டுக்கு ஏறத்தாழ 13,000 பேர் அமரலாம். கச்சேரியில் தளத்தில் நிற்போரையும் சேர்க்க எண்ணிக்கை உயரும். இங்கு முதற்பயனும் வருபயனும் தனித்தனியே இல்லை; அனைத்தும் சூழ்பயனே. அதே ஆண்டு டிசம்பரில் ஐரோப்பியக் குறும்பாதை நீச்சல் போட்டிக்காகத் தளத்தில் 25 மீட்டர்க் குளம் நின்றது. 2018 மே மாதத்தில் அங்கே பனித்தளம் உறைந்தது. உலகப் பனி ஹாக்கிப் போட்டியின் இறுதியாட்டத்தில் சுவீடன் சுவிட்சர்லாந்தை வென்றது. 2023 ஆகஸ்டில் உலக பேட்மின்டன் போட்டிக்கு அதே இடத்தில் விரிப்புகள் பரந்தன. காலிறுதியில் இந்திய வீரர் எச்.எஸ். பிரணாய், சொந்த நாட்டு மக்கள் சூழ ஆடிய டேனிய வீரர் விக்டர் ஆக்செல்சனை வென்று, வெண்கலப் பதக்கத்தை உறுதிசெய்தார்.

4. காரணங்களின் பகுப்பு

குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது சைவ சித்தாந்த மரபு. அப்பகுப்பு இங்கும் பொருந்தும்.

முதற்காரணம் தூணற்ற வெளி. ஹேண்ட்பால் எனப்படும் கைப்பந்துக்கு 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் வேண்டும். பனி ஹாக்கிக்கு ஏறத்தாழ 60-க்கு 30. பெரியதைக் கொள்ளும் தளத்தில் சிறியது அடங்கும். ஆதலால் மிகப் பெரிய ஆட்டமே தளத்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

துணைக்காரணம் தளமாற்றக் கருவிகள். பனித்தளத்துக்கு அடியில் குளிர்நீர்மம் ஓடும் குழாய்கள் வேண்டும். கச்சேரிக்குப் பல டன் விளக்கும் ஒலிபெருக்கியும் தாங்கும் கூரை வேண்டும். பேட்மின்டனுக்கோ காற்றின் அடக்கம் வேண்டும். ஏறத்தாழ 5 கிராம் எடையுள்ள இறகுப்பந்தைக் குளிர்சாதனக் காற்றே திசைமாற்றிவிடும். ஒரு பயனுக்கு வேண்டிய கருவி மற்றொன்றுக்கு இடையூறாகாமல் விலகிநிற்பதிலேயே இவற்றின் சிறப்பு உள்ளது.

நிமித்தகாரணம் நகரம். ராயல் அரீனாவுக்குக் கோபன்ஹேகன் நகராட்சியும் ரியால்டானியா என்னும் அறநிறுவனமும் பொருள் வழங்கின. பெயருரிமை மதுவாலை நிறுவனம் ஒன்றுக்குச் சென்றது. ஆகவே 'ராயல்' என்பது அந்நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது; அரச குடும்பத்தைக் குறித்ததன்று. பல்லாயிரவர் ஒரே நேரத்தில் வந்து கலைவதற்கு மெட்ரோ இரயில் துணைநிற்கிறது. கட்டடத்தின் அடியில் அகன்ற மேடையும் படிகளும் அமைத்து, கூட்டம் பல திசைகளில் பிரிந்து செல்லவும், நிகழ்ச்சியற்ற நாளில் அக்கம்பக்கத்தார் அமரவும் வழி செய்துள்ளனர்.

5. முடிபு

இதுகாறும் கண்டவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். ஒன்று, பல்நோக்கு என்பது முதலில் தற்செயலாய் வந்து, பின் நோக்கமாய் நிலைபெற்றது. இரண்டு, பயன்கள் பெருகப் பெருக அரங்கு கட்டியவரிடமிருந்து நகரத்தாரின் உரிமைக்கு மாறுகிறது. மூன்று, வெறுந்தளம் எதையும் ஏற்கும். வேண்டாதது என்று ஒன்றை மறுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. மறுப்பது மாந்தரின் கடன். 1943-இல் அக்கடனை ஆற்ற, கோபன்ஹேகன் மக்கள் சிலர் தம் நகரின் அரங்கையே இழக்கத் துணிந்தனர். பிரணாய் ஆடிய தளத்தில் எதை விரிப்பது, எப்போது அகற்றுவது என்று நகரம் தானே முடிவுசெய்கிறது. இந்த உரிமையையும் பல்நோக்கு உள்ளரங்கின் வரையறைக்குள் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.