கொரோனா காலத்தில் செய்தியும் சமூகப் பிளவும்: தமிழ்நாட்டு அனுபவம்

தமிழ்நாட்டில் கொரோனா நோயின் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று அறிவிக்கப்பட்டது. ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர் ஒருவருக்கு அது உறுதியாயிற்று. அப்போது அது வெளிநாட்டிலிருந்து வந்த நோயாகவே பேசப்பட்டது. மாத இறுதிக்குள் அந்தப் பேச்சு மாறியது.

நிஜாமுதீன் செய்திகள்

டில்லி நிஜாமுதீனில் மார்ச் மாதம் தப்லீக் ஜமாத் கூட்டம் நடந்தது. அதில் பங்கேற்ற 1,131 பேர் தமிழகம் திரும்பியதாக மார்ச் 31 அன்று மாநில அரசு கூறியது. அவர்கள் முன்வந்து பரிசோதனை செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். பலர் தாமாகவே வந்தனர். அடுத்த சில நாட்களில் மாநிலத்தில் உறுதியான தொற்றுகளில் பெரும்பாலானவை இவர்களுடன் தொடர்புடையவை.

இந்த எண்ணிக்கையைப் புரிந்துகொள்ள ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரிசோதனைக் கருவிகள் குறைவாக இருந்த காலம் அது. ஒரு கூட்டத்தினரைத் தேடித்தேடிச் சோதித்தால், அங்கேதான் நோயாளிகள் அதிகம் தென்படுவார்கள். இதை விளக்காமல் சில தொலைக்காட்சிகள் எண்ணிக்கையை மட்டும் மதத்தோடு சேர்த்துச் சொல்லின. வாட்ஸ்அப் வழியே பழைய காணொளிகள் புதியவை போலப் பரவின. அதிகம் பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என ஏப்ரல் 7 அன்று அந்நிறுவனம் கட்டுப்பாடு விதித்தது.

சொல் மாற்றம்

நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டாம் என்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி வேண்டுகோள் விடுத்தார். சுகாதாரத்துறையின் நாள் அறிக்கையிலும் ‘டில்லி மாநாடு’ என்பதற்குப் பதில் ‘சிங்கிள் சோர்ஸ்’, அதாவது ஒற்றை மூலம், என்ற சொல் வந்தது. தொடர்பைத் தேடும் பணி நிற்கவில்லை. சமூகத்தைச் சுட்டுவது மட்டும் குறைந்தது.

அச்சம் மதத்தோடு நின்றுவிடவில்லை. ஏப்ரல் 19 அன்று சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கும்பல் தாக்கியது. அவ்வாறு தடுப்போருக்கு 3 ஆண்டுவரை சிறை விதிக்கும் அவசரச் சட்டம் அம்மாதமே வந்தது. மே மாதத்தில் கோயம்பேடு சந்தை புதிய தொற்று மையமானது. கூட்டம் கூடும் இடமெல்லாம் கிருமிக்கு ஒன்றுதான் என்பது அப்போது தெளிவாயிற்று.

நீதிமன்றம் சொன்னது

2020 ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, ஜமாத்தைச் சேர்ந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருத இடமுண்டு என்றும், அவர்களுக்கு எதிராக ஊடகங்களில் பெரும் பரப்புரை நடந்தது என்றும் குறிப்பிட்டது. ஆனால் தீர்ப்பு வர ஐந்து மாதம் ஆயிற்று. வதந்திக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது.

காஞ்சிபுரத்துக்கு இது ஏன் முக்கியம்?

பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் இவ்வூருக்கு வருகின்றன. தெருவில் பாவு விரிக்கப் பல கைகள் வேண்டும். ஊரடங்கில் சித்திரை, வைகாசி முகூர்த்த வியாபாரம் போயிற்று. இழந்த வியாபாரம் அடுத்த ஆண்டு திரும்பலாம். அக்கம்பக்கத்தார் மீதான நம்பிக்கை அறுந்தால், இழை முடிவது போல அதை எளிதில் முடிந்துவிட முடியாது. ஆகவே, தொற்றுக்காலத்தில் ஓர் எண்ணிக்கையைப் படிக்கும் மாணவர்கள், எத்தனை பேருக்கு நோய் என்பதோடு, யாரைச் சோதித்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.