காட்டுக் குரம்பையும் பாசறைக் கூரையும்

சங்கத் தமிழரின் மனைகளைப்பற்றி ஆராயப் புகுவோர் பெரும்பாலும் மாடங்களையே நாடுவர். நெடுநல்வாடையில் நூல்வல்லோர் கயிறிட்டு அளந்து அரண்மனை வகுத்த செய்தி பலராலும் எடுத்துக்காட்டப் பெறுவது. காட்டில் கிடைத்த கோலும் இலையும் கொண்டு எழுப்பிய குரம்பையோ, 'சிறுகுடில்' என்னும் பொருளுரையோடு கடந்து செல்லப்படுகிறது. அச்சொல் பறவைக் கூட்டிற்கும், உயிர் தங்கும் உடம்பிற்கும்கூட வழங்கியதாதலின், சிறுமையினும் தங்குதலே அதன் உயிர்ப்பொருள் எனக் கருதுகிறோம்.

குரம்பையின் அமைப்பை விரிவாக அறியப் பெரும்பாணாற்றுப்படையே சிறந்த கருவி. பாணன் செல்லும் வழியிலுள்ள நிலங்களை முறையே கூறும் உருத்திரங்கண்ணனார், ஒவ்வொரு நிலத்திலும் கூரை எதனால் வேயப்பட்டது என்பதையும் தவறாது கூறுகிறார். எயினர் குரம்பை ஈந்தின் இலையால் வேய்ந்தது. அதன் புறம் முள்ளம்பன்றியின் முதுகினை ஒத்தது. இவ்வுவமையை அழகு கருதியது என்று மட்டும் கொள்வது பொருந்தாது. ஈந்தின் ஓலை கூரிய நுனியுடைய ஒடுங்கிய இலைகளால் ஆயது. நுனி கீழ்நோக்க அடுக்கடுக்காக வேய்ந்தால் மழைநீர் நுனிவழியே வடிந்து வீழும், உள்ளே புகாது. கூரை சிலிர்த்து நிற்பது அவ்வாறு வேய்ந்ததன் விளைவு. அக்கூரையின்கீழ் மான்தோற் படுக்கையில், ஈன்றவள் தன் மகவோடு முடங்கிக் கிடக்கிறாள். ஏனைப் பெண்டிர் புல்லரிசி தேடிக் கரம்பை நிலத்தைக் கிளறச் சென்றுவிட்டனர். பச்சிளங் குழவியைக் காக்கவல்ல கூரையை எளிய ஓலைப்பந்தர் என்று தள்ளிவிடுதல் கூடுமோ?

கட்டும் முறையை அறிய, அதே பாட்டின் நெய்தற் பகுதியைத் துணைக்கொள்ளலாம். அங்கே வேழக்கோலை நிரையாக நட்டு, வெள்ளிய கொம்புகளை இடையே கலந்து, தாழைநாரால் கட்டித் தருப்பைப்புல் வேய்கின்றனர். இறப்பு தாழ்ந்து நிற்கிறது. நிறுத்தல், கட்டுதல், வேய்தல் என்னும் மூன்றும் முறைபிறழாது வந்துள்ளன. ஆணியோ கல்லோ வேண்டாத இக்கட்டடத்திற்கு நாரே உயிர்நாடி.

இனி முல்லைப்பாட்டிற்கு வருவோம். பத்துப்பாட்டினுள் மிகச் சிறியது இது. கான்யாறு சூழ்ந்த முல்லைக் காட்டில் மன்னன் படை பாசறை அமைக்கிறது. பிடவத்தையும் பிற புதர்களையும் வெட்டி நிலம் திருத்துகின்றனர். காட்டு முள்ளைக் கொண்டே மதில் வளைக்கின்றனர். தழைவேய்ந்த கூரைகள் தெரு ஒழுங்காக நிற்கின்றன. உவலை எனும் சொல் இங்குத் தழையைக் குறிக்கும். அரசனுக்கு மட்டும் நெடுங்கோல் நட்டுத் திரைவளைத்த இருக்கை வேறாக உண்டு.

இப்பகுதியில் அறிஞர் போதிய அளவு கருத்துச் செலுத்தாத செய்தி ஒன்றுண்டு. புதரை வெட்டியதோடு வேட்டுவரின் சிறுவாயில் அரண்களையும் படையினர் அழித்தனர் என்று பாட்டே கூறுகிறது. நச்சினார்க்கினியரும் அவ்வாறே உரை கொள்கிறார். 1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள் முதல் இவ்வுரை அச்சில் உள்ளது. எனினும், பாசறையின் ஒழுங்கைப் பாராட்டுவோர் அதற்கு இடம் வந்த வகையைக் கேட்பதில்லை. காட்டுப்பொருளால் தங்குமிடம் அமைக்கும் முறை இருவர்க்கும் பொது. ஒருவர்க்கு அது வாழ்க்கை. மற்றவர்க்குப் போர் முடியுமளவும் வேண்டிய நிழல். முன்னதை அழித்த இடத்திலேயே பின்னது எழுந்தது.

இதனைப் புலவர் குறையாகக் கூறினார் என்பதற்குச் சான்றில்லை. வென்ற படையின் செயலாகவே கூறிச் செல்கிறார். நப்பூதனாரின் நோக்கம் தலைவியின் ஆற்றியிருத்தலே. அவள் இருப்பதோ எழுநிலை மாடம். கார்காலத்து மழை மாலையில் தொடங்கும் அப்பாட்டு, மாடத்திற்கும் தழைக்கூரைக்கும் இடையே சென்று மீள்கிறது. அரண் இழந்த வேட்டுவர் அம்மழையில் எங்கே ஒதுங்கினர் என்பதற்கு அதன் 103 அடிகளில் விடை இல்லை.