மிருதங்கத்தின் தோலும் சி.டி. ஸ்கேனும்

என் சொந்த ஊர் காளஹஸ்தி. 1911இல் சித்தூர் ஜில்லா உண்டாகும் வரை வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வளர்ந்தேன். திருப்பதியில் பௌதிகம் படித்து பி.எஸ்ஸி. முடித்தபோது மேலே படிக்க ஆசை இருந்தது, வசதி இல்லை. மத்திய சர்க்காரின் கணக்குத் துறையில் சேர்ந்து, முப்பத்தாறு வருஷம் அடுத்தவர்களின் கணக்கைச் சரி பார்த்து ஓய்வு பெற்றேன்.

நான்கு வருஷங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். தலையில் சின்ன வீக்கம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்துத் தலைவலி. இடது கால் தடுமாறியது. பிள்ளை திருப்பதிக்கு அழைத்துப்போய் சி.டி. ஸ்கேன் எடுக்க வைத்தான். மண்டை ஓட்டுக்கு உள்ளே ரத்தம் கசிந்து தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. மறுநாளே சிறு துளையிட்டு அதை வெளியேற்றினார்கள். பகவத் கிருபையால் பிழைத்தேன்.

படுக்கையில் இருந்த நாட்களில், என்னைக் காப்பாற்றிய அந்த யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று படித்தேன். படிக்கப் படிக்க அது என்னைச் சென்னைக்கும், அங்கிருந்து கல்கத்தாவுக்கும், கடைசியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கும் கொண்டுவந்து விட்டது. அதைத்தான் நம் அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கணக்கு ஆபீஸிலிருந்து ஒரு விஞ்ஞானி

ஸர் சி.வி. ராமன் 1888இல் திருவானைக்காவலில் பிறந்தவர். தகப்பனார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர், வயலின் வாசிப்பார். மனைவி லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிப்பார். ராமன் நிதித் துறைப் பரீட்சையில் முதலாவதாகத் தேறி, 1907இல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். ஆபீஸுக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி. பத்து வருஷம் இப்படி ஓடியது. 1917இல் ஏறக்குறைய பாதிச் சம்பளத்துக்குச் சம்மதித்து வேலையை விட்டு, கல்கத்தா சர்வகலாசாலையில் பாலித் பேராசிரியரானார். அவர் விட்டுப்போன அதே கணக்கு உத்தியோகத்தை நான் கடைசிவரை விடவில்லை என்பதை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

அவருடைய ஆரம்ப கால ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி ஒலியைப் பற்றியது. மாணவப் பருவத்தில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் ஸ்வரங்களின் உணர்வைப் பற்றி 1863இல் எழுதிய புஸ்தகம் அவரை ஆட்கொண்டது. வயலின், தம்புரா, வீணை, மிருதங்கம் எல்லாவற்றையும் ஆராய்ந்தார்.

ஒரு தந்தியை மீட்டினால் அடிப்படை ஸ்வரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண் உள்ள ஸ்வரங்களும் எழும். இப்படி முழு எண் மடங்காக அமைந்தால் காதும் மூளையும் அவற்றைத் தனித்தனியாகக் கேட்பதில்லை. ஒன்றாகச் சேர்த்து ஒரே ஸ்ருதியாக உணர்கின்றன. ஆனால் இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலில் எழும் மேல் அதிர்வுகள் 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாத மடங்குகளில் அமையும். காது அவற்றை ஒன்றாகக் கோக்க முடியாமல், அது வெறும் முழக்கமாகக் கேட்கிறது.

பின் மிருதங்கம் மட்டும் எப்படி ஸ்ருதி சேர்கிறது? 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ பத்திரிகையிலும், பிறகு 1934இல் விரிவாகவும் ராமன் விடை சொன்னார். வலந்தலையின் நடுவில் உள்ள கறுப்புக் கரணையின் பாரம் அந்த ஒழுங்கில்லாத அதிர்வுகளை இடம் மாற்றி வைக்கிறது. தோலின் மேல் மணலைத் தூவி, எந்தக் கோடுகளில் அது அசையாமல் தங்குகிறது என்று பார்த்தார். ஒன்பது வகை அதிர்வுகள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என ஐந்தே ஸ்வரங்களில் அடங்கிவிடுவதைக் கண்டார். வித்வான் மோதிர விரலைத் தோலில் லேசாக வைத்துக்கொண்டு தட்டுவதும் வேண்டாத அதிர்வை அடக்கி வேண்டியதை எழுப்பத்தான். தம்புராவிலும் அப்படியே. மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில மேல் ஸ்வரங்கள் எழவே கூடாது என்பது சாஸ்திர விதி. குதிரையின் வளைவும் ஜீவாளி நூலும் சேர்ந்து அந்த விதியை மீறி எல்லா ஸ்வரங்களையும் ஒலிக்கச் செய்கின்றன.

ஒலியில் பழகிய இந்தச் சிந்தனைதான் பிறகு ஒளிக்குப் போயிற்று. 1928 பிப்ரவரி 28 அன்று அவர் கண்ட ராமன் விளைவும் ஒருவகையில் ஸ்ருதி பார்ப்பதே. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அதற்கே உரிய அதிர்வுகள் உண்டு. அதன் மேல் படும் ஒளி அந்த அதிர்வின் அடையாளத்தோடு சிதறி வருகிறது. இன்று மருந்துக் கம்பெனிகளில் வந்திறங்கும் மூலப்பொருள் அசலா போலியா என்று பையைப் பிரிக்காமலே கையடக்கக் கருவியால் பார்க்கிறார்கள். புற்றுநோய்த் திசுவையும் நல்ல திசுவையும் இம்முறையில் பிரித்தறியும் ஆராய்ச்சிகளும் நடக்கின்றன.

சிஷ்யரும் தோலும்

1942இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தில் மின் பொறியியல் படிக்க வந்த ஓர் இளைஞரை ராமன் தம்முடைய பௌதிகத் துறைக்கு இழுத்துக்கொண்டார். அவர்தான் ஜி.என். ராமசந்திரன். 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். கேம்ப்ரிட்ஜ் போய் வந்து, முப்பது வயது நிறையும் சமயத்தில், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறைத் தலைவரானார்.

அப்போது சென்னைக்கு வந்த பெர்னால் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் திருப்தியாகத் தெரியவில்லை என்று சொன்னார். தோல், எலும்பு, தசைநாண் இவற்றுக்குப் பலம் தருவது கொலாஜன்தான். தோல் என்றால் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது. அங்கிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அதன் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து, மூன்று இழைகள் பின்னிய பின்னல் அது என்று 1954இல் எழுதினார், 1955இல் திருத்தினார். கயிறு திரிப்பவர்கள் செய்வதைப் போன்ற முறுக்கு அது.

மேல்நாட்டில் ஆட்சேபம் எழுந்தது. அந்த அமைப்பில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி இருக்கின்றன என்றார்கள். ராமசந்திரன் கோபித்துக்கொண்டு விட்டுவிடவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று அதுவரை வெளிவந்த அளவுகளையெல்லாம் திரட்டினார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் கணக்குப் போட்டு, புரத இழை எந்தக் கோணங்களில் வளையலாம், எவற்றில் வளையவே முடியாது என்று 1963இல் ஒரு படம் வரைந்தார். உலகம் அதை ராமசந்திரன் வரைபடம் என்கிறது. நான் இதைப் படித்தபோது, ஆட்சேபணைக்குப் பதில் எழுதும் கணக்கு அதிகாரிக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது என்று தோன்றியது.

இன்றைய மருந்து வடிவமைப்புக்கு அந்தப் படம் இன்றியமையாதது. நோய்க்குக் காரணமான புரதம் பூட்டு என்றால் மருந்து சாவி. பூட்டின் உள்வடிவம் தெரிந்தால்தான் சாவி செய்யலாம். எய்ட்ஸ் கிருமியின் புரோட்டியேஸ் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் 1995 முதல் வந்தது இப்படித்தான். கொரோனாவுக்கு 2021இல் வந்த மாத்திரையும் இவ்வழியே. புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தோம் என்று யார் சொன்னாலும், அது சரிதானா என்று முதலில் ராமசந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

இனி என் தலைக்கு வருகிறேன். பல கோணங்களிலிருந்து எடுத்த எக்ஸ்ரே நிழல்களை அப்படியே திரும்பப் பரப்பி ஒன்றன்மேல் ஒன்று சேர்த்தால் படம் மங்கிப் போகும். ஒவ்வொரு நிழலையும் பரப்புமுன், பக்கத்து நிழல்களின் பங்கைக் குறிப்பிட்ட விகிதத்தில் கழித்துவிட்டால் தெளிவான குறுக்குவெட்டு கிடைக்கும். இந்த எளிய, வேகமான கணக்கை ராமசந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971இல் வெளியிட்டார்கள். ரேடியோ வானியலில் பிரேஸ்வெல் என்பவர் இதை ஒத்த முறையை 1967இலேயே கண்டிருந்தார். அதையும் சொல்வதுதான் நியாயம். அதே 1971 அக்டோபரில் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் யந்திரம் முதல் நோயாளியைப் படமெடுத்தது. பின்னால் வந்த யந்திரங்கள் இம்மாதிரிக் கணக்கையே கைக்கொண்டன. ‘ராம்-லாக்’ வடிகட்டி என்று இன்றும் பாடப் புஸ்தகங்களில் பேர் இருக்கிறது. 1979இல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் போயிற்று. ராமசந்திரன் 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார். எனக்கு ஸ்கேன் எடுத்த பையனிடம் பிறகு ஒருநாள் அந்தப் பேரைச் சொன்னேன், கேள்விப்பட்டதில்லை என்றான்.

திண்ணையில் உட்கார்ந்தவர்

பேர் தெரியாமல் போனவர்களைப் பற்றி வருத்தப்பட ஆரம்பித்ததும் இன்னொருவர் ஞாபகம் வந்தது.

என் சித்தப்பா மிருதங்கம் வாசிப்பார். வருஷத்துக்கு ஒருமுறை தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து எங்கள் திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்து தோல் மாற்றி, கரணை போடுவார். கிட்டான் கல் பொடியைச் சாதத்தோடு பிசைந்து, அரிசி அளவு எடுத்து வைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்பார். மறுபடி கொஞ்சம் வைப்பார், தேய்ப்பார், கேட்பார். பொழுது சாயும் வரை இதே. ராமன் மணல் தூவிக் கண்ட ஐந்து ஸ்வரங்களை அந்த மனிதர் வெறும் காதால் வரவழைத்தார். அவர் போனதும் பாட்டி திண்ணையில் ஜலம் தெளித்து அலம்பிவிடுவாள். அவர் பேரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்துவின் பேராவது, டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய புஸ்தகத்தால் பலருக்குத் தெரிந்தது. மற்றவர்கள் பேர் போன இடம் தெரியவில்லை. நம்மவர்கள் கூட்டங்களில் ராமனையும் ராமசந்திரனையும் சொல்லிப் பெருமைப்படுகிறோம், நியாயம்தான். ஆனால் ராமன் ஆராய்ந்தது அந்தக் கைகள் செய்த வாத்தியத்தை. ராமசந்திரன் அவிழ்த்த முடிச்சு, அந்தக் கைகள் பதப்படுத்திய தோலுக்குள் இருக்கும் முடிச்சு. மிருதங்கத்தின் தோலும் கொலாஜன்தானே!

எங்கள் ஊர்க் கதை எல்லோருக்கும் தெரியும். வேடர் திண்ணன் வைத்துவிட்டுப் போன மாமிசத்தை அகற்றி, சந்நிதியை அலம்பிப் புண்யாகவாசனம் செய்தவர் சிவகோசரியார். பிறகு சுவாமியே அவரை மறைந்து நின்று பார்க்கச் சொன்னார். பார்த்தபின்தான் திண்ணன் கண்ணப்பர் என்று அவருக்குத் தெரிந்தது. காளஹஸ்தியில் பிறந்தும் எனக்கு இது புரிய எழுபது வயதும் தலையில் ஓர் அடியும் தேவைப்பட்டது.

அடுத்த முறை கச்சேரிக்குப் போகும்போது வலந்தலையின் கறுப்பு வட்டத்தைப் பேரக் குழந்தைகளுக்குக் காட்டி, ராமனைப் பற்றிச் சொல்லுங்கள். கூடவே, அதைச் செய்தவர் யார் என்று வித்வானிடம் விசாரித்து, அந்தப் பேரையும் சொல்லுங்கள்.