செவிலியரின் கைச்சுத்தம்: திருமுக்கூடல் முதல் காரப்பேட்டை வரை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று உண்டு. ‘வீரசோழன்’ என்ற ஆதுலசாலையின் (மருத்துவமனையின்) செலவுக்கணக்கை அது கலம், காசு வரை எழுதிவைத்திருக்கிறது. கட்டில்கள் 15. மருத்துவர் கோதண்டராம அசுவத்தாம பட்டருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம். மருந்து காய்ச்சி நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். தண்ணீருக்கென்று தனி ஆளும் உண்டு. செவிலியர் பணிக்கு எத்தனை பேர் வேண்டும், தண்ணீர் யார் தருவது என்று அன்றே யோசித்திருப்பது பாராட்டத்தக்கது. கைச்சுத்தம் பெரும்பாலும் அந்த இரண்டையும் பொறுத்தே அமைகிறது.

நோயைக் கைகளே கடத்துகின்றன என்பது ஐரோப்பாவில் தெளிவானது 19ஆம் நூற்றாண்டில். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்குள் நுழையும் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவச் செய்தார். தாய்மார் இறப்பு வெகுவாகக் குறைந்தது. 1909இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் வேலூரில் செவிலியர் பள்ளி தொடங்கியபோது, கை கழுவுதல் பயிற்சியின் அரிச்சுவடியாகிவிட்டிருந்தது.

பாடம் தெரிந்திருந்தும் கை கழுவுவது குறைவாகவே இருந்தது. காரணம் அலட்சியம் மட்டும் அல்ல. குழாய் வார்டின் கோடியில் இருக்கும். ஊசி, டிரிப்ஸ், காயக்கட்டு என்று வேலை கட்டிலுக்குக் கட்டில் நகரும். 12 பேர் பணிபுரியும் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேண்டிய போதெல்லாம் சோப்பால் கழுவினால் ஒரு ஷிப்டில் மொத்தம் 16 மணிநேரம் அதற்கே போகும், கட்டிலருகே ஆல்கஹால் திரவம் இருந்தால் 3 மணிநேரம் போதும் என்று 1997இல் வெளிவந்த ஒரு கணக்கு காட்டியது. கண்டிப்பால் தீராத சிக்கல் இது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே என்ற மருத்துவரின் குழுவினர் கட்டிலருகே திரவம் வைக்கும் வழியைச் செய்து காட்டினர். வேலைப்பளு கூடும் நேரத்தில்தான் கைச்சுத்தம் விட்டுப்போகிறது என்று முதலில் கண்டனர். கட்டிலருகே ஆல்கஹால் புட்டி வைத்துப் பிரசாரமும் செய்தபின், 1994இல் 48 விழுக்காடாக இருந்த கைச்சுத்தம் 1997இல் 66 ஆனது. முன்னேறியவர்கள் பெரிதும் செவிலியர்களே, மருத்துவர்கள் பின்தங்கினர்.

உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி ஐந்து தருணங்களை வகுத்தது: நோயாளியைத் தொடுமுன், தூய செய்முறைக்கு முன், உடல்திரவம் பட நேர்ந்தபின், நோயாளியைத் தொட்டபின், அவர் கட்டில் முதலியவற்றைத் தொட்டபின். அந்நிறுவனத்தின் செய்முறைப்படி திரவத்தில் எத்தனால் 80 விழுக்காடு. தோல் வறளாமலிருக்கக் கொஞ்சம் கிளிசரின். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி என எங்கும் தேய்த்துக் காயவிட 20 முதல் 30 விநாடி ஆகும்.

திருமுக்கூடல் இருக்கும் அதே மாவட்டத்தில், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. கீமோ பெறும் நோயாளிக்கு வெள்ளணுக்கள் குறைந்துவிடுவதால், பிறருக்குச் சாதாரணமான கிருமிகூட உயிருக்கு உலைவைக்கலாம். இத்தகைய வார்டில் அந்த அரை நிமிடத்தை ஒரு தடவையும் தவறவிடக்கூடாது. கையில் அழுக்கோ இரத்தமோ தெரிந்தால் மட்டும் ஆல்கஹால் போதாது. சில வயிற்றுப்போக்குக் கிருமிகளின் வித்துகளும் அதற்குச் சாவதில்லை. அப்போது சோப்பும் தண்ணீருமே வேண்டும்.